முதலில் எந்தப் படம்? ஜான் வெய்னின் ஒரு மணி நேர கௌபாய் படங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க

பழைய கௌபாய் படம் ஒன்று பார்க்கணும், எதில் ஆரம்பிக்கலாம் என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் 1939இல் ஜான் வெய்ன் நடித்து வந்த 'ஸ்டேஜ்கோச்' என்றுதான் சொல்வார்கள். நல்ல பதில்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நான் அதற்கும் ஐந்தாறு வருஷம் பின்னால் போகச் சொல்வேன். அதே ஜான் வெய்ன், இருபத்தாறு இருபத்தேழு வயதில், ஒரு வாரத்துக்குள் எடுத்து முடிக்கப்பட்ட, ஒரு மணி நேரம்கூட ஓடாத படங்களில் நடித்துக்கொண்டிருந்த காலம் அது. லோன் ஸ்டார் என்ற பெயரில் பால் மால்வெர்ன் தயாரித்து, மோனோகிராம் நிறுவனம் வெளியிட்ட பதினாறு படங்கள். 1933 அக்டோபரில் தொடங்கி 1935இல் முடிந்தன. பதினாறையும் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது, எல்லாமும் பார்க்கத் தகுந்தவையும் இல்லை. அதனால் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: 'ரைடர்ஸ் ஆஃப் டெஸ்டினி' (1933), 'ராண்டி ரைட்ஸ் அலோன்' (1934), 'தி ஸ்டார் பேக்கர்' (1934). இந்த மூன்றில் முதலில் எது, யாருக்கு எது என்பதுதான் விஷயம்.

அதற்கு முன் ஒன்று. இவ்வளவு பெரிய நடிகர் ஏன் இப்படிச் சின்னப் படங்களில் இருந்தார் என்று தோன்றும். 1930இல் ஃபாக்ஸ் நிறுவனம் அவரை நாயகனாக்கி, ராவுல் வால்ஷ் இயக்கத்தில் 'தி பிக் டிரெயில்' என்ற பிரம்மாண்டமான படத்தை எடுத்தது. 70 மில்லிமீட்டர் அகலப் படச்சுருள், நூற்றுக்கணக்கான வண்டிகள், ஆறு, மலை எல்லாம் இருந்தன. ஆனால் பொருளாதாரப் பெருவீழ்ச்சி அப்போதுதான் தொடங்கியிருந்தது. பேசும்படத்துக்காக ஒலிக்கருவி வாங்கியே கடனில் இருந்த தியேட்டர்காரர்கள், அகலத் திரைக்கென்று இன்னொரு புரொஜெக்டர் வாங்க எங்கே போவார்கள்? படம் படுத்துவிட்டது. வெய்ன் அங்கிருந்து சின்ன வேடங்களுக்கும், வாராவாரம் தொடராகக் காட்டப்பட்ட படங்களுக்கும், பிறகு இந்த லோன் ஸ்டாருக்கும் வந்து சேர்ந்தார். ஒரு படத்துக்குச் செலவு பத்தாயிரம் முதல் பதினைந்தாயிரம் டாலர் வரைதான். படப்பிடிப்பு பெரும்பாலும் லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே நியூஹால், பிளாசெரிட்டா கேன்யன் பக்கத்து வறண்ட குன்றுகளில் நடந்தது. ஒரே ஊர் செட், ஒரே பாறைகள், கிட்டத்தட்ட ஒரே ஆட்கள். இரண்டு படம் பார்த்தால் அந்தத் தெருவில் எந்தக் கட்டடத்துக்குப் பக்கத்தில் எது இருக்கிறது என்று நமக்கே தெரிந்துவிடும்.

சரி, இந்தப் படங்களைக் கதையை வைத்து ஒப்பிட்டுப் பிரயோஜனம் இல்லை. ஊருக்குப் புதிதாக ஒருவன் வருவான், அவன் உண்மையில் அரசாங்கத்தாலோ ஒரு கம்பெனியாலோ அனுப்பப்பட்டவன், ஊர்ப் பெரியவர்களில் ஒருவர்தான் கெட்டவர், கடைசியில் குதிரைத் துரத்தல். எல்லாவற்றிலும் ஏறக்குறைய இதுதான். நான் வேறொரு அளவுகோல் வைத்திருக்கிறேன். படத்துக்குச் சத்தம் வந்து ஐந்தாறு வருஷம்தான் ஆகியிருந்தது. பணம் இல்லாதவன் பெரிய செட் போட முடியாது, நூறு குதிரை நிறுத்த முடியாது. ஆனால் ஒரு சத்தத்தை நல்ல இடத்தில் வைப்பதற்குக் காசு வேண்டாம், யோசனை போதும். அந்த யோசனை எந்தப் படத்தில் நன்றாக வேலை செய்திருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறேன். மூன்று படங்களும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறு.

'ராண்டி ரைட்ஸ் அலோன்' படத்தின் முதல் சில நிமிடங்களுக்காகவே இந்த வரிசை முழுவதையும் மன்னிக்கலாம். ஹாரி ஃப்ரேசர் இயக்கியது. தனியாக ஒருவன் குதிரையில் வருகிறான். வழியில் ஒரு மதுக்கடை. உள்ளே பியானோ சத்தம் கேட்கிறது, உற்சாகமான மெட்டு, ஆட்கள் கூடிக் குடித்துக் கொண்டாடுகிறார்கள் என்று வெளியே நிற்பவன் நினைக்கும்படியான மெட்டு. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறான். எல்லோரும் செத்துக் கிடக்கிறார்கள். வாசிப்பவர் யாரும் இல்லாமல் தானாகவே இசைக்கும் இயந்திரப் பியானோ அது. அது பாட்டுக்கு வாசித்துக்கொண்டே இருக்கிறது. வெய்ன் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பிணங்களுக்கு நடுவே மெதுவாக நடக்கிறார், சுவரில் மாட்டியிருக்கும் ஒரு படத்தில் கண்கள் அசைகின்றன, யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சந்தோஷ மெட்டு மட்டும் நிற்கவே இல்லை.

நான் இதை முதல்முறை இரவு பதினொரு மணிக்கு மேல் ஹெட்ஃபோன் போட்டுப் பார்த்தேன். மறுநாள் பகலில் அந்த இடத்தை மட்டும் திரும்ப இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன், என்னதான் செய்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள. ஒரு அறை, தரையில் படுத்துக்கிடக்கும் சில துணை நடிகர்கள், ஒரு பியானோ. அவ்வளவுதான் செலவு. இன்றைக்கு ஒரு திகில் படம் இதே காட்சியை எடுத்தால் அடியில் ஒரு உறுமல் இசை போட்டு "பயப்படு, பயப்படு" என்று நம்மிடம் சொல்லும். இங்கே எதுவும் சொல்லவில்லை. பியானோ சிரிக்கிறது, நாம்தான் பயப்படுகிறோம்.

இந்தப் படத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசி நான் கேட்டதில்லை. ஜார்ஜ் ஹேஸ் இதில் மேட் என்ற கடைக்காரராக வருகிறார், கூன் விழுந்தவர், வாய் பேச முடியாதவர், சொல்ல வேண்டியதை எல்லாம் காகிதத்தில் எழுதிக் காட்டுகிறார். அது வேஷம், நிமிர்ந்து நின்றால் அவர்தான் கொள்ளைக்கூட்டத் தலைவன். இதைப் படமே சீக்கிரம் காட்டிவிடுகிறது, அதனால் நான் சொல்வதால் ஒன்றும் கெட்டுப்போகாது. இப்போது யோசித்துப் பாருங்கள். ஊமைப்படங்களில் வசனத்தை எழுதித்தான் காட்டினார்கள். எல்லோரும் பேச ஆரம்பித்துவிட்ட படத்தில் ஒருவர் மட்டும் எழுதிக் காட்டுகிறார், அவர் எழுதுவதுதான் பொய். தனியாக இருக்கும்போது அவர் வாயைத் திறந்து பேசும் அந்த முதல் கணம், 1934இல் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் பொறாமையாக இருக்கிறது. ஃப்ரேசர் இதை யோசித்துச் செய்தாரா, ஒரு வாரத்தில் முடிக்கிற அவசரத்தில் கைகூடியதா என்பது முக்கியமில்லை. திரையில் இருக்கிறது.

பிற்பாதியில் படம் சாதாரணமாகிவிடுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சிறையிலிருந்து தப்புவது, அருவிக்குப் பின்னால் இருக்கும் குகையில் கூட்டத்தைக் கண்டுபிடிப்பது எல்லாம் வேகமாகப் போகும், அந்த ஆரம்பத்தின் கனம் திரும்ப வராது. இருந்தாலும் சலிக்காது.

அடுத்தது 'ரைடர்ஸ் ஆஃப் டெஸ்டினி'. வரிசையில் முதல் படம், ராபர்ட் பிராட்பரி இயக்கியது. மூன்றில் கதை உருப்படியாக இருப்பது இதில்தான், ஏனென்றால் சண்டை தண்ணீருக்காக. கின்கெய்ட் என்ற ஒருவன் ஊருக்கு வரும் தண்ணீரைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, விவசாயிகளிடம் நிலத்தை அடிமாட்டு விலைக்குக் கேட்கிறான். தண்ணீர்த் தகராறு என்றால் என்ன என்று தெரிந்த யாருக்கும், காய்ந்து கிடக்கும் அந்த நிலத்தையும் அந்த ஆளின் பேரத்தையும் பார்த்தால் கோபம் தானாக வரும். வேறு கௌபாய் படங்களில் தங்கத்துக்கும் மாட்டு மந்தைக்கும் அடித்துக்கொள்ளும்போது எனக்கு இந்த அளவுக்கு ஒட்டியதில்லை. அமெரிக்க மேற்குப் பகுதியில் தண்ணீர் உரிமை என்பது கதைக்காக உண்டாக்கிய பிரச்சினை இல்லை, கலிஃபோர்னியாவின் ஓவன்ஸ் பள்ளத்தாக்கு விவசாயிகள் லாஸ் ஏஞ்சலஸுக்குத் தண்ணீர் கொண்டுபோன கால்வாயை 1924இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். படம் வந்தபோது அது ஒன்பது வருஷப் பழைய செய்திதான், தியேட்டரில் உட்கார்ந்திருந்த பலருக்கு நன்றாகவே நினைவிருந்திருக்கும்.

ஆனால் இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் தண்ணீரைப் பற்றிப் பேசுவதில்லை, பாட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள். இதில் வெய்ன் 'பாடும் சாண்டி'. கிடாரோடு குதிரையில் பாடிக்கொண்டே வருகிறார். குரல் அவருடையது இல்லை. அவர் பேசுவதற்கும் பாடுவதற்கும் சம்பந்தமே இல்லாத ஒரு தடித்த குரல் வந்து விழும். இயக்குநரின் மகன் பில் பிராட்பரி பாடியது என்பதுதான் பெரும்பாலும் சொல்லப்படுவது. இரவல் குரலுக்குப் பழகிய நம் காதுக்கே இது கொஞ்சம் இடறும். முதல் பாட்டு அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் பிறகு ஒரு துப்பாக்கி மோதல் வருகிறது. தெருவின் இரண்டு முனையிலிருந்தும் இரண்டு பேர் நடந்து வருகிறார்கள், நம் ஆள் நடந்துகொண்டே தாழ்ந்த குரலில் பாடுகிறார். இன்றைக்குத் தெருவில் ரத்தம் ஓடப்போகிறது, இரவுக்குள் நீ செத்தவர்களோடு உட்கார்ந்து குடித்துக்கொண்டிருப்பாய் என்ற பொருளில். எதிரில் வருகிறவனுக்கு அந்தப் பாட்டைக் கேட்டதும் இவன் யார் என்று புரிந்துவிடுகிறது. பாட்டையே மிரட்டலாக வைத்த அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். வாயசைப்பு பொருந்தாததுகூட அந்த இடத்தில் உதவி செய்கிறது, குரல் அந்த மனிதனிடமிருந்து வராமல் வேறெங்கிருந்தோ வருவது மாதிரி இருக்கும்.

வெய்ன் இந்தப் பாடும் வேலையை ரொம்ப நாள் தொடரவில்லை. 1935இல் மோனோகிராமும் மாஸ்காட்டும் இன்னும் சில சின்ன கம்பெனிகளும் ஹெர்பர்ட் யேட்ஸின் கீழ் சேர்ந்து ரிபப்ளிக் நிறுவனமானபோது, உண்மையிலேயே பாடத் தெரிந்த ஜீன் ஆட்ரி வந்தார், பாடும் கௌபாய் என்பது ஒரு தனி வகையாகவே வளர்ந்தது. அந்த வரலாறு எங்கே தொடங்குகிறது என்று பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இதுதான் படம் (கென் மேனார்ட் என்ற இன்னொரு கௌபாய் நடிகர் இதற்கும் முன்பே பாடியிருக்கிறார் என்பதையும் சேர்த்துக்கொள்ளணும்).

மூன்றாவது, 'தி ஸ்டார் பேக்கர்'. இதுவும் பிராட்பரிதான். 'நிழல்' என்று அழைக்கப்படும் ஒரு தலைவன், முகத்தைக் காட்டாமல், சுவரில் பதித்த பணப்பெட்டிக்குப் பின்னாலிருந்து குரலால் மட்டும் கூட்டத்துக்கு உத்தரவு போடுகிறான். ஊர் நடுத்தெருவில் உள்ளீடற்ற ஒரு மரக்கட்டை நிற்கிறது, அதற்குள் ஒருவன் ஒளிந்துகொண்டு ஷெரிஃபுகளைச் சுடுகிறான், அதற்குக் கீழே சுரங்கப்பாதை. பத்துப் பன்னிரண்டு வயதில் காமிக்ஸ் படித்துக் கிடந்தவர்களுக்கு இது நேராக உள்ளே போய் உட்காரும். யார் அந்த நிழல் என்பதை முதல் கால்மணி நேரத்தில் ஊகித்துவிடலாம், அது பெரிய குறையாகத் தெரியாது. மரக்கட்டை ரகசியம்தான் படத்தின் உயிர். சத்தத்தைப் பொறுத்தவரை, உடம்பில்லாத ஒரு குரல் அதிகாரம் செய்கிறது என்ற ஒரே யோசனையோடு நின்றுவிட்டார்கள். ராண்டியின் பியானோ மாதிரி அது நம்மைத் தொடர்ந்து வராது.

இந்தப் படத்தில் எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. வெய்னின் செவ்விந்தியத் தோழனாக யாகிமா கனட் நடித்திருக்கிறார். கனட் செவ்விந்தியர் இல்லை, 'யாகிமா' என்பது குதிரைச் சவாரிப் போட்டிகளில் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர். அரைகுறை ஆங்கிலத்தில் ஒற்றை ஒற்றை வார்த்தையாகப் பேசவைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அப்படித்தான் எடுத்தார்கள் என்று நகர்ந்துவிட எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகளோடு பார்த்தால் இதைப் பற்றி அவர்களிடம் பேசிவிட்டுப் பாருங்கள்.

ஆனால் அதே கனட்தான் இந்தப் படங்களின் முதுகெலும்பு. பல படங்களில் அவர் அடியாளாக நடிப்பார், அப்புறம் தொப்பியை மாற்றிக்கொண்டு வெய்னுக்கே டூப் போடுவார். ஓடும் குதிரையிலிருந்து இன்னொரு குதிரைக்குத் தாவுவது, வண்டியிலிருந்து குதிப்பது எல்லாம் அவர். அடிதடிக் காட்சியில் கேமராவை ஒரு கோணத்தில் வைத்து, முஷ்டி முகத்தைத் தொடாமல் கடந்து போனாலும் பட்டது மாதிரியே தெரியவைக்கும் முறையை இந்தக் குழுதான் பழகிப் பழகிச் சீராக்கியது என்று வெய்னும் அவரும் பிற்பாடு சொல்லியிருக்கிறார்கள். 'ஸ்டேஜ்கோச்'சில் பாயும் குதிரைகளுக்கு நடுவே விழுந்து வண்டிக்கு அடியில் போகும் ஆளும் கனட்தான், 1959இன் 'பென்ஹர்' தேரோட்டத்தை முன்னின்று எடுத்தவரும் அவர்தான். அந்த வித்தை எல்லாம் இந்தப் பத்தாயிரம் டாலர் படங்களில் கற்றது. ஒளிப்பதிவாளர் ஆர்ச்சி ஸ்டவுட்டும் அப்படித்தான். லோன் ஸ்டார் படங்களில் பெரும்பாலானவற்றை எடுத்த இவர், 1952இல் வெளிவந்த 'தி கொயட் மேன்' படத்துக்காக ஆஸ்கார் விருதைப் பகிர்ந்துகொண்டார். இந்த மலிவுப் படங்களில் வானமும் தூசியும் அவ்வளவு அழகாகத் தெரிவது தற்செயல் இல்லை.

குதிரைகள் விழும் காட்சிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் குதிரையின் முன்னங்காலில் கம்பி கட்டி, ஓடும்போது இழுத்து விழவைக்கும் முறை வழக்கத்தில் இருந்தது, கனட்டும் அதைப் பயன்படுத்தியவர்தான். 1939இல் வேறொரு பெரிய படத்தில் ஒரு குதிரை குன்றிலிருந்து விழுந்து செத்த பிறகுதான் எதிர்ப்பு வலுத்து, 1940இலிருந்து ஹாலிவுட்டில் விலங்குகளுக்கான கண்காணிப்பு வந்தது. இது தெரிந்த பிறகு அந்தக் காட்சிகளை என்னால் முன்போல ரசிக்க முடிவதில்லை. விலங்கு விஷயத்தில் மனம் இளகியவர்கள் முதலில் ராண்டியையே பாருங்கள், அதன் பலம் துரத்தலில் இல்லை.

இந்த மூன்றைத் தாண்டிச் சிலர் இரண்டு படங்களைச் சிபாரிசு செய்வார்கள். ஒன்று 'தி லக்கி டெக்ஸன்' (1934). ஜார்ஜ் ஹேஸ் பெண் வேஷம் போட்டு வருவதும், கடைசியில் குதிரை, மோட்டார் கார், தண்டவாளத் தள்ளுவண்டி மூன்றும் கலந்து துரத்துவதும் குடும்பத்தோடு பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் முதல் படமாக வேண்டாம். இன்னொன்று வார்னர் தயாரிப்பான 'ஹாண்டட் கோல்டு' (1932). வார்னரிடம் கென் மேனார்டின் ஊமைப்படக் காட்சிகள் மிச்சம் இருந்தன. வெய்னுக்கு அதே மாதிரி உடை, அதே மாதிரி வெள்ளைக் குதிரை கொடுத்து, பழைய சாகசக் காட்சிகளை நடுநடுவே ஒட்டி ஆறு படம் எடுத்துவிட்டார்கள். எந்த ஷாட் பழையது என்று கண்டுபிடிப்பதே ஒரு சுவாரஸ்யம். ஆனால் அதில் கறுப்பின நடிகரைப் பேயைக் கண்டு நடுங்கும் கோமாளியாக நடத்தியிருக்கும் விதம் பார்க்கச் சகிக்காது, அதனால் நான் யாருக்கும் சொல்வதில்லை.

எந்தப் பிரதியைப் பார்ப்பது என்பது எந்தப் படம் என்பதைவிட முக்கியம் என்றுகூடச் சொல்வேன். லோன் ஸ்டார் படங்கள் பலவற்றுக்கும் காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள், அதனால் இணையத்தில் இலவசமாக, சட்டப்படியே கிடைக்கின்றன. அதில்தான் சிக்கலும். யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் மாற்றி ஏற்றியிருக்கிறார்கள். வண்ணம் பூசியவை உண்டு. 1980களில் தொலைக்காட்சிக்காக மின்னணுக் கீபோர்டு இசையைப் படம் முழுக்க ஓடவிட்டவை உண்டு. இந்தப் படங்களில் பெயர் ஓடும்போது கொஞ்சம் இசை வரும், அதன் பிறகு பெரும்பாலும் பின்னணி இசையே கிடையாது, குளம்புச் சத்தமும் காற்றும் காலடியும்தான். ராண்டியின் அந்த மதுக்கடைக் காட்சியில் பியானோவுக்கு மேல் கீபோர்டைப் போட்டால் மிச்சம் என்ன இருக்கும்? அதனால் எந்தப் பிரதியைத் திறந்தாலும் பெயர்கள் முடிந்து முதல் குதிரை வரும் இடத்தைக் கேளுங்கள். இசை தொடர்ந்தால் மூடிவிட்டு வேறு பிரதியைத் தேடுங்கள். படம் கிட்டத்தட்டச் சதுரமாக இருக்கணும், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை தெரியணும். திரை முழுக்க நிறைந்திருந்தால் ஆட்களை இழுத்துத் தடியாக்கியிருப்பார்கள், இல்லையென்றால் தொப்பியை வெட்டியிருப்பார்கள். கீறல், கரகரப்பு எல்லாப் பிரதியிலும் கொஞ்சம் இருக்கும், அது பரவாயில்லை. நடிகர்கள் நிறுத்தி நிதானமாகப் பேசுவதால் ஆங்கிலம் புரிவது கஷ்டமில்லை, தானாக வரும் எழுத்து வசனத்தை நம்ப வேண்டாம்.

ஆகவே, தனியாக, இரவில், ஒரே ஒரு படம் என்றால் 'ராண்டி ரைட்ஸ் அலோன்'. பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் 'தி ஸ்டார் பேக்கர்', மேலே சொன்ன எச்சரிக்கையோடு. பாட்டில் ஆர்வம் உள்ளவர்களும், கதை என்று ஒன்று உறுதியாக வேண்டும் என்பவர்களும், கிராமத்தில் தண்ணீர்ச் சண்டை பார்த்து வளர்ந்தவர்களும் 'ரைடர்ஸ் ஆஃப் டெஸ்டினி'யிலிருந்து ஆரம்பிக்கலாம். என் அப்பா மூன்றாவது ரகம். ராண்டியை அவருக்குப் போட்டுக்காட்டினேன், பாதியில் செய்தித்தாளை எடுத்துவிட்டார். அடுத்த வாரம் 'ரைடர்ஸ்' போட்டேன். கின்கெய்டே வெடிவைக்கப்போய், நிலத்துக்கடியில் அடைபட்டிருந்த தண்ணீர் பீறிட்டு வந்து ஊருக்கே பாயும் அந்த இடத்தில் நாற்காலி நுனிக்கு வந்து, "அதை மறுபடி ஒருதரம் போடு" என்றார்.